பிஸ்கா தம்பியைக் கூப்பிட்ட விதம்

எங்கள் ஊரான ஜானெத்தில் பாலைவனத்தைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாலைவனத்துக்குப் பயப்படுகிறவன் பிஸ்கா ஒருவன்தான். அதை அவன் மறைக்கவும் மாட்டான். ஐரோப்பாவிலிருந்து ஆசை ஆசையாய் வந்து இறங்கியவர்களைச் சிவப்பு மணல்மேட்டின் அடியில் நிறுத்தி, "பயமா இருக்கு, சீக்கிரம் பாத்துட்டு வாங்க" என்பான். நான் அதை, "வெளிச்சம் மாறுவதற்குள் பார்த்துவிடுவது நல்லது" என்று மொழிபெயர்ப்பேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. குளிர்கால விடுமுறையில் மொழிபெயர்ப்பாளன். இரண்டிலும் உண்மைக்கு ஓரளவுதான் இடம்.

தத்ரார்த் மலைப்பக்கம் போகிறவர்கள் பார்க்க ஆசைப்படுவது மணலை மட்டுமல்ல. பாறைக் குடைவுகளில் பழங்காலத்து மனிதர்கள் செம்மண்ணால் வரைந்துவிட்டுப் போன ஓவியங்கள் இருக்கின்றன. மாடுகள், ஒட்டகச்சிவிங்கிகள், வேட்டைக்காரர்கள். அப்புறம் அந்த உருண்டைத் தலைக்காரர்கள். கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லாத தலை. தரையில் பாவாத கால். பிஸ்கா அவர்களுக்கு முதுகைக் காட்ட மாட்டான். ஆகவே பயணிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கம் சொல்வான்.

"யார் வரைந்தது?" என்று கேட்பார்கள்.

"அவங்க."

"அவர்கள் என்றால்?"

"இருந்தவங்க."

இதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. துவாரெக் ஜனங்களான நாங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடுவார்கள். ஓவியம் தீட்டியவர்களின் பெயர் யாருக்குமே தெரியாது என்றாலும், பிஸ்கா எதற்கு வம்பு என்று சுட்டிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். இப்படிப்பட்ட ஊரில் சரித்திர வாத்தியாராக இருப்பது எப்படி என்று கேட்காதீர்கள். பழைய தலைவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதினால் அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் முன்பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார்கள். பரீட்சையில், 'பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்ட அவர்' என்று எழுதுவார்கள். முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். எனக்கும் அந்தப் பெயர்களை உரக்கப் படிக்கத் தயக்கம்தான்.

பிஸ்கா வெட்டுக்கிளி வந்த வருஷத்தில் பிறந்தவன். ஆடு மேய்த்தான், நிலம் அளக்க வந்தவர்களுக்கு ஒட்டகம் ஓட்டினான், பிறகு பயணிகள் வந்தார்கள், வழிகாட்டி ஆனான். மனைவி, இரண்டு பெண்கள், கொஞ்சம் பேரீச்சை மரங்கள். கடைசித் தேநீர் ஆறுவதற்குள் தூங்கப் போய்விடுவான். தூங்கும்போது செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வான், ஓடுவதற்கு வசதியாக. அப்பா அம்மா போனபின் அவனுக்கு இரத்த உறவென்று மிஞ்சியது ஒரு தம்பி.

அந்தத் தம்பி கோடைத் தொடக்கத்தில் எல்லை தாண்டித் தங்கம் தோண்டப் போனான். அப்போது எல்லாருக்கும் அந்தக் காய்ச்சல். கோடை முடிவில் அவன் வண்டியை மட்டும் ஆடு மேய்ப்பவர்கள் பார்த்தார்கள். தண்ணீர் டின்கள் காலி. ஆள் இல்லை. தண்ணீர் இல்லாத ஆள் அந்த வெயிலில் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று கணக்குப் போட எங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். உடல் இல்லாமலே தொழுகை நடத்தினார்கள். அன்றிலிருந்து அவன் பெயரும் போயிற்று. 'பிஸ்காவின் தம்பி' என்பதுகூட இல்லை. அவன் மனைவி தெஹீத் காத்திருக்க வேண்டிய காலத்தைக் காத்திருந்து முடித்தாள். இரண்டு குளிர்காலம் போனதும் குமா அவளைக் கேட்டான். அவளும் சரி என்றாள்.

குமா யாரென்றால், பிஸ்காவின் மாமன் மகன். எங்கள் வண்டியோட்டி, சமையல்காரன். எங்களில் மாமன் மகனுக்கு வாய் நீளம். கிண்டல் செய்யாவிட்டால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். குளிர் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்த சமயத்தில்தான் ஒர்னெல்லா என்ற இத்தாலியப் பல் மருத்துவரும் அவர் கணவரும் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நாங்கள் மூவரும் தத்ரார்த் போனோம்.

காலடித் தடம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆண்கள் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொள்கிறோம். கண் மட்டும் தெரியும். ஆளைத் தெரிந்துகொள்ள முகம் உதவாது; கால் உதவும். யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பதை மண் சொல்லிவிடும். அதனால் காதலிக்கிறவர்கள் பாறை மேலாகவே நடப்பார்கள். பாறை மேலாகவே நடக்கிறவனைப் பார்த்ததும் காதலிக்கிறான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

பிஸ்காவின் தம்பிக்குச் சின்ன வயதில் இடது கால்மேல் வண்டி ஏறிவிட்டது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஒரு கால் வீட்டுக்கும் மற்றது வேறெங்கோவும் போவது போன்ற தடம். ஜானெத்தில் அதைத் தெரியாதவர் இல்லை.

முதல் இரவு தங்கி, விடிந்து கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது அந்தத் தடம் மணலில் கிடந்தது.

மேட்டிலிருந்து இறங்கி, கூடாரங்களைச் சுற்றி, அணைந்த அடுப்பின் சாம்பல் வரைக்கும் வந்திருந்தது. அங்கே குதிகால் ஆழப் பதிந்திருந்தது. வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பியிருந்தது. குமா கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். பிஸ்கா வந்தான். மூன்று பேரும் நின்றோம்.

"நரி வந்துருக்கு" என்றான் குமா.

"செருப்பு போட்ட நரியா?" என்றேன்.

"வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல நீங்க என்ன வேணா சொல்லிக்குடுங்க. இங்க நான் நரின்னா நரி."

குமா ஒரு பாயை எடுத்துத் தடத்தின் மேல் இழுத்துக்கொண்டே போய் அழித்துவிட்டான். ஒர்னெல்லா வெளியே வந்து, காலைச் சூரியனில் மணல் அழகாயிருந்ததே, அதை ஏன் கலைக்கிறார் என்று கேட்டார். சுத்தம் என்றேன்.

கொதிக்கும் தேநீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருப்பவர்களைப் போல, அன்றெல்லாம் மூவரும் ஒரே பெயரை வாயில் வைத்துக்கொண்டு பயணம் செய்தோம். ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததைப் பற்றி எப்படி யோசனை கேட்பது?

அடுத்த நாள் மாலை கல்வளைவின் அடியில் தங்கப் போனோம். எங்களுக்கு முன்பே தடம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வண்டி அந்த மலையைச் சுற்றிக்கொண்டு வர ஒரு பகல் ஆகும், குறுக்கே இடுக்குகளில் நடப்பவன் முன்னால் வந்துவிடலாம், எல்லா வழிகாட்டிகளும் ஒரே வரிசையில் ஒரே இடங்களில்தான் தங்குவார்கள் என்பதெல்லாம் பிற்பாடு எனக்குத் தோன்றிய நியாயங்கள். அப்போது தோன்றியது வேறு. காற்று அடிக்கவில்லை. வளைவின் நிழல் மணலில் நீளமாய் விழுந்திருந்தது. அந்த நிழலின் உள்ளே மட்டும் தடம் சுற்றிச் சுற்றி வந்திருந்தது.

குமா மணலுக்குள் ரொட்டி சுட்டான். ஒரு துண்டைப் பிய்த்து, கை நிறைய உப்பைத் தூவி, சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தான். தனிமைக்காரர்கள் என்று நாங்கள் சொல்கிற, ஆளில்லாத இடத்து ஜனங்கள் உப்பைத் தொட மாட்டார்கள். மனிதனானால் தின்பான்.

காலையில் ரொட்டி இல்லை. கல்லைச் சுற்றி அந்தக் கால் தடமும் இருந்தது. நரித் தடமும் இருந்தது.

"நரி தின்னுருக்கு" என்றான் குமா.

"இப்ப நிஜமாவே நரியா?"

"இப்ப நிஜ நரி. பாருங்க, நாலு கால்."

பிஸ்கா என் தோளைத் தொட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனான். "வாத்தியாரே, நீ படிச்சவன். செத்தவன் நடந்தா கால் இழுக்குமா?"

"செத்தவன் நடக்க மாட்டான்."

"அது எனக்கும் தெரியும். நடந்தா?"

நான் கல்லின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"முந்தாநாள் தடம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். "நேத்து இழுத்துருக்கு. இன்னிக்கு ரெண்டு எடத்துல முட்டி ஊனியிருக்கு. இது களைச்சுப் போற தடம்." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க களைக்கிறதில்லைன்னு சொல்வாங்க" என்றான். தம்பி உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அந்த நம்பிக்கைதான் அவனைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

நண்பகலில் தடம் எங்களை ஒரு பள்ளத்தாக்கின் வாயில் கொண்டு நிறுத்தியது. எப்படியும் நாங்கள் போக வேண்டிய இடம்தான். அதன் வாயிலேதான் அந்தப் பக்கத்திலேயே பெரிய ஓவியம் இருக்கிறது. உருண்டைத் தலைக்காரர்கள் வரிசையாகக் கை தூக்கி நிற்கிறார்கள். வரவேற்கிறார்களா தடுக்கிறார்களா என்பதைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒர்னெல்லாவும் கணவரும் படம் எடுக்கப் போனார்கள். பள்ளத்தாக்கின் முன் மணலில் உள்ளங்கைப் பதிவு இருந்தது. அவன் தவழ்ந்திருக்கிறான். அப்புறம் பாறைத் தரை. தடம் முடிந்துவிட்டது. உள்ளே பள்ளத்தாக்கு இடதும் வலதுமாக விரல் விரலாகப் பிரிகிறது. ஒவ்வொரு விரலும் பல பிளவுகளாய்ப் பிரிகிறது. தேடினால் நாள்கணக்காகும். கையால் தவழ்கிறவனுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

பிஸ்கா விசில் அடித்தான். குமா தட்டைத் தட்டினான். "ஏய்" என்றோம், "யாரு உள்ள" என்றோம். சத்தம் உள்ளே போய்த் தேய்ந்தது.

"உள்ளே இருந்தால் பதில் சொல்ல மாட்டானா?" என்றேன்.

"பேரில்லாம ஒருத்தன் கூப்பிட்டா நீங்க பதில் சொல்வீங்களா, வாத்தியாரே?" என்றான் குமா.

சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவன்தான். ஆனாலும் சொல்ல மாட்டேன். பாலைவனத்தில் பெயரில்லாத கூப்பாட்டுக்கு எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் இரண்டாம் தடவைக்குத்தான் பதில். தனிமைக்காரர்கள் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். உள்ளே கிடப்பவன் உயிரோடு இருந்தால் அவனும் எங்கள் ஆள்தான். அவனுக்கும் அதே சட்டம். ஆகவே பெயரைச் சொல்லாமல் அவனைக் கண்டுபிடிக்க முடியாது. பெயரைச் சொன்னால், அவன் செத்துப்போனவனாக இருந்தால், வருவது என்ன என்பது தெரியாது.

"கூப்பிடாத மச்சான்" என்றான் குமா.

"ஏன்?"

"ஏன்னு உனக்கே தெரியும்."

"எதுக்காகச் சொல்ற? அவங்களுக்காகவா, தெஹீத்துக்காகவா?"

இதை மாமன் மகன்கள் விளையாட்டாகக்கூடக் கேட்பதில்லை. குமா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தான்.

"ரெண்டுக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன்" என்றான். "ஆனா கால் நடுங்குறது மொதல்ல சொன்னதுக்கு."

"எனக்கும்தான்" என்றான் பிஸ்கா.

அவன் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உருண்டைத் தலைக்காரர்களுக்கு முதுகைக் காட்டினான். தலைத்துணியை வாயிலிருந்து கீழே இறக்கினான்.

"கெனான்" என்றான். பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிறகு முழுக் குரலில், "கெனான்!"

பள்ளத்தாக்கு அந்தப் பெயரை வாங்கி ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குக் கொடுத்தது. எங்கெங்கோ பேசிப் பார்த்துவிட்டு நிறுத்தியது. ஒர்னெல்லா காமிராவைக் கீழே இறக்கினார். உச்சி வெயில்; ஒருவர் நிழலும் அசையவில்லை.

"பிஸ்கா."

உலர்ந்த குரல். தூரத்திலிருந்தும் இல்லை, பக்கத்திலும் இல்லை. அடுத்த அறையில் இருப்பவர் ஏதோ எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுவது போல. காத்திருந்தோம். இரண்டாம் தடவை வரும் என்று மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வரவில்லை.

"ஒரு தடவைதான்" என்றான் குமா.

"ஆமா" என்றான் பிஸ்கா. தண்ணீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனான். செத்த மாட்டின் எலும்பைக் கண்டாலும் சுற்றிக்கொண்டு போகிறவன்.

ஒர்னெல்லா என்னிடம் வந்தார். "யாரைக் கூப்பிட்டார்?"

"தம்பியை."

"தம்பி இங்கேயா இருக்கிறார்?"

"அதைத்தான் பார்க்கப் போயிருக்கிறார்."

நிழல் பாறையடியிலிருந்து கிளம்பி எங்கள் காலைத் தொடுகிற வரை காத்திருந்தோம். குமா மூன்று தடவை தேநீர் போட்டு மூன்று தடவையும் மணலில் கொட்டினான். கடைசியில் பிஸ்கா வெளியே வந்தான். முதுகில் ஒருவன். தலைத்துணி நழுவி வாய் தெரிய, தலை தொங்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஆணின் வாய் வெளியே தெரிவது மானக்கேடு. குமா முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு எழுந்து போய், அந்தத் துணியை எடுத்து அவன் வாயை மூடிவிட்டான். பேய்க்கு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

ஒர்னெல்லா ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்தார். குமா எட்டிப் பார்த்தான். "இதுல உப்பு இருக்கான்னு கேளுங்க."

கேட்டேன். உப்பும் சர்க்கரையும் என்றார்.

துணியை விலக்கிச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார்கள். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது.

"குடிச்சிட்டான்" என்றான் குமா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதில் சந்தோஷம் எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

கெனானுக்கு மறுநாள்தான் பேச்சு வந்தது. வண்டி கெட்டுப்போய் நின்றபோது வேறு ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போய், சுரங்கக் குழியில் இறக்கி வேலை வாங்கியிருக்கிறார்கள். தப்பிக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று. நடந்தே ஜானெத் வந்திருக்கிறான். பொழுது சாயும் நேரத்தில் தெஹீத்தின் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். அவள் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை எடுத்து மண்ணில் குத்திவிட்டுத் தலையை மூடிக்கொண்டாள். தனிமைக்காரர்களை விரட்ட இரும்பு நல்லது.

"அவ பேர்ல தப்பில்ல" என்றான் கெனான். "ஊர் ஓரத்துல ஒளிஞ்சு கெடந்தேன். எல்லாரும் பேசுறது கேக்குது. என் பேரு மட்டும் ஒருத்தர் வாயிலயும் வரல. எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"என்ன சந்தேகம்?" என்றான் குமா.

"இருக்கேனா இல்லையான்னு. உப்பு தின்னு பாத்தேன். கொமட்டுச்சு."

"நீ எப்பவும் உப்பு கம்மியாத்தான திம்ப."

"அது அப்ப ஞாபகம் வரல."

"எங்கள்ட்ட வந்து நின்னியே, உள்ள வர வேண்டியதுதான?"

"நீங்க எப்படியும் வருவீங்கன்னு முன்னாடியே நடந்து வந்து காத்துக் கெடந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா வரலாம்னு மேட்டுக்குப் பின்னாலயே நின்னேன். நீ நரின்ன."

குமா வண்டியை ஒரு மேடு ஏற்றி இறக்கினான். பிறகு, "ரொட்டி வெச்சேனே" என்றான்.

"அத நரி தூக்கிட்டுப் போயிருச்சு."

ஊர் வந்து சேர்ந்தோம். எங்களில் வீடு பெண்ணுடையது. யார் உள்ளே வரலாம் என்பதும் அவள் இஷ்டம். தெஹீத் வாசலுக்கு வந்து, பிஸ்கா, குமா, கெனான் மூன்று பேரையும் பார்த்தாள். "கெனான், உள்ள வா" என்றாள். பிறகு, "குமா, நீயும் வா. டீ இருக்கு."

"வண்டிய கழுவணும்" என்றான் குமா. ஜானெத்தில் யாரும் வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் ஊரில் பலர் கெனானை இப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மறந்துபோன வாய் திரும்பவும் பழகவில்லை.

பிஸ்கா என்னிடம் இதைச் சொன்னது சில வாரங்கள் கழித்து.

"வாத்தியாரே, நான் பாத்தப்ப அவன் நாக்கு வீங்கி அண்ணத்துல ஒட்டிக் கெடந்துச்சு. அவனால பேச முடியாது. அன்னிக்குக் காலைலேர்ந்தே முடியலயாம், கேட்டுட்டேன்."

"எதிரொலியாக இருக்கும்."

"நான் சொன்னது அவன் பேரு. எதிரொலி என் பேரைச் சொல்லுமா?"

அந்தப் பக்கத்துப் பாறைகளின் அமைப்பு, காற்று என்று ஏதோ ஆரம்பித்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அத்தனை பிளவு இருக்கே, நீ எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன் கடைசியில்.

"கூப்பிட்டது வலது பக்கத்துலேர்ந்து. பயமா இருந்துச்சு, அதனால எடது பக்கம் ஓடுனேன்." சிரிக்கவில்லை. "அங்கதான் கெடந்தான்."

இப்போதெல்லாம் பயணம் போகும்போது கெனானும் வருகிறான். ரொட்டி சுடுவது அவன் வேலை. குமா ஓட்டுவதோடு சரி. அந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் இறங்குவதில்லை. பெரிய ஓவியத்தைக் காட்டாமல் விடுகிறோம் என்று பயணிகளுக்கு வருத்தம்தான். பள்ளத்தாக்கின் வாய் வரும்போது குமா வண்டியின் வேகத்தைக் குறைப்பான். கெனான் பின்சீட்டில் துணியைக் கண்வரை ஏற்றிக்கொள்வான். பிஸ்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அன்று குரல் வந்த வலது பக்கத்தைப் பார்த்து, அடுத்த வீட்டுக்காரர் கவலைப்படக்கூடாதே என்று தகவல் சொல்கிற குரலில் சொல்வான்:

"அவன் வீட்டுல இருக்கான். நல்லா சாப்பிடறான். நீங்க தேட வேண்டாம்."